ஐந்து நிமிடம்தானே!

நம் சங்கத்துக் குடும்பங்களில் யாரைக் கேட்டாலும் இப்போது ஒரே பதில்தான். "பையன் கலிஃபோர்னியாவில் இருக்கிறான்", "பெண் டெக்சாஸில் இருக்கிறாள்." ஒரு தலைமுறைக்கு முன்னால் நாம் தஞ்சாவூரையும் திருநெல்வேலியையும் விட்டு அன்றைய பம்பாய்க்கு வந்தோம். நம் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். பேரன் பேத்திகளைப் பார்க்க நாமும் ஊறுகாய் பாட்டிலும் பருப்புப் பொடியுமாக விமானம் ஏறுகிறோம்.

2025ஆம் வருடக் கோடையில் நானும் என் மனைவியும் அப்படித்தான் போனோம். சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே ஒரு சிறிய ஊரில் மகன் வீடு. நான்கு மாதம் தங்கினோம். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நாங்கள் இருவரும் பேரனும்தான். அந்த ஊரில் கார் இல்லாமல் பால் வாங்கக்கூட முடியாது. ஆகவே புறப்படும் முன்பே இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வருடத்துக்குச் செல்லுபடியாகும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டேன். 18 வயது நிறைந்தவர், தன் நாட்டு உரிமம் செல்லுபடியாகும் வரை, சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் அதை வைத்தே ஓட்டலாம் என்கிறது கலிஃபோர்னியா. ஆனாலும் நம் உரிமத்தை அங்குள்ளவருக்குப் புரியவைக்க இந்த அனுமதி கையில் இருப்பது நல்லது. மகன் தன் கார் இன்ஷூரன்ஸில் எனக்கும் இடம் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொண்டான். அதை யாரும் மறக்கக் கூடாது.

வலப்பக்கமாக ஓட்டுவதற்கு இரண்டு வாரத்தில் பழகிவிட்டேன். ஓட்டுவதில் ஒரு குறையும் வரவில்லை. நிறுத்துவதில்தான் மாட்டிக்கொண்டேன்!

நடந்தது இதுதான்

ஒரு செவ்வாய்க்கிழமை பேரனை நூலகத்துக்கு அழைத்துப் போனேன். சின்னக் குழந்தைகளுக்கு அங்கே கதை சொல்வார்கள். நூலகத்தின் கார் நிறுத்துமிடம் நிறைந்திருந்தது. எதிர்ச் சாரியில் தெரு முழுக்கக் கார்கள், நடுவில் சரியாக ஒரு கார் அளவுக்கு இடம் காலி. இத்தனை கூட்டத்தில் இந்த இடம் மட்டும் ஏன் காலியாக இருக்கிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். "நம் அதிர்ஷ்டம்" என்று நினைத்து நிறுத்தினேன். பையனை உள்ளே உட்கார வைத்துவிட்டு வந்து வண்டியை மாற்றிக்கொள்ளலாம், ஐந்து நிமிடம்தானே!

திரும்பி வந்தபோது கண்ணாடித் துடைப்பானின் கீழே ஒரு சீட்டு. சீட்டு எழுதிய பெண்மணி அடுத்த காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊர் வழக்கப்படி போய்ச் சமாதானம் சொன்னேன். ஐந்து நிமிடம்தான் ஆயிற்று, ஓரக்கல்லில் சிவப்பு வண்ணமும் இல்லையே என்றேன். அவர் கோபிக்கவில்லை. நடைபாதையில் முழங்கால் உயரத்துக்கு நின்ற மஞ்சள் வண்ண இரும்புக் குழாயைக் காட்டினார். பிறகு எதிரே இருந்த வீட்டு வரிசையைக் காட்டினார். "அந்த வீடுகளுக்கு இதுதான் தண்ணீர்" என்றார். போய்விட்டார்.

அது தீயணைப்பு வண்டி குழாய் மாட்டும் இடம். அங்கே தீயணைப்புக் குழாயிலிருந்து 15 அடிக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது. ஓரக்கல்லில் வண்ணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொது விதி அதுதான். அபராதத் தொகையை ரூபாயில் மாற்றிப் பார்த்தேன். எங்கள் வீட்டு ஒரு மாத மளிகைச் செலவு அது! மகன் ஒன்றும் சொல்லவில்லை. "விடுங்கப்பா, எனக்கும் முதல் வருஷம் வந்தது" என்றான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் அபராதம் அல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மறுநாள் முதல் வேலையாக அந்த மாநில மோட்டார் வாகனத் துறையின் ஓட்டுநர் கையேட்டை எடுத்து உட்கார்ந்தேன். ரயில்வேயில் விதிப் புத்தகம் படித்தே தலை நரைத்தவன் நான். படித்ததை இனிப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

ஓரக்கல்லின் ஐந்து நிறங்கள்

கலிஃபோர்னியாவில் நடைபாதையின் ஓரக்கல் பேசும். பலகையைத் தேடும் முன் கல்லைப் பாருங்கள்.

சிவப்பு: நிறுத்தவே கூடாது. ஆள் ஏற்ற, இறக்க, உள்ளேயே உட்கார்ந்திருக்க, எதற்கும் கூடாது. பஸ் நிறுத்தமென்று குறித்த இடத்தில் பஸ் மட்டும் நிற்கலாம்.

மஞ்சள்: ஆளையோ சாமானையோ ஏற்றி இறக்க மட்டும். பலகையில் போட்ட நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது. சொந்தக் கார் என்றால் ஓட்டுபவர் பெரும்பாலும் வண்டியிலேயே இருக்க வேண்டும்.

வெள்ளை: ஆளை ஏற்றவோ இறக்கவோ ஆகும் நேரம் மட்டும். தபால் போடவும் நிற்கலாம்.

பச்சை: குறிப்பிட்ட நேரம் வரை நிறுத்தலாம். எவ்வளவு நேரம் என்பது பலகையிலோ கல்லிலேயோ எழுதியிருக்கும்.

நீலம்: உடல் ஊனமுற்றவருக்கான அட்டையோ நம்பர் பலகையோ உள்ள வண்டிக்கு மட்டும்.

நீலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். விதியை மீறினால் குறைந்தது 250 டாலர், 1000 டாலர் வரையிலும் போகலாம். சில நீல இடங்களுக்குப் பக்கத்தில் சாய்கோடு போட்ட ஒரு பட்டை இருக்கும். "இது கார் நிறுத்தும் இடமே இல்லை, யாருக்கும் சொந்தமில்லை" என்று நம்மவர்கள் அதில் நுழைத்துவிடுகிறார்கள். அது சக்கர நாற்காலி இறங்குவதற்கான இடம். கடைக்குப் போன ஒருவர் திரும்பி வரும்போது உங்கள் கார் அங்கே நின்றால், அவர் தன் வண்டிக்குப் பக்கத்திலேயே, அதற்குள் ஏற முடியாமல் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

நிறம் இல்லாத இடங்கள்

கல்லில் வண்ணம் இல்லையென்றால் நிறுத்தலாம் என்று நினைத்துத்தான் நான் மாட்டிக்கொண்டேன். வண்ணம் இல்லாமலே தடை உள்ள இடங்கள் பல. தீயணைப்புக் குழாயைச் சொல்லிவிட்டேன். நடைபாதையின் மேல், பாதசாரிகள் கடக்கும் இடத்தின் மேல், பிறர் வீட்டுக் கார் வழியை மறித்து, ஏற்கெனவே நிற்கும் காருக்குப் பக்கத்தில் இரட்டையாக நிறுத்தக் கூடாது. சக்கர நாற்காலிக்காக நடைபாதையில் சரிவு வைத்திருக்கும் இடத்துக்கு 3 அடிக்குள்ளும் கூடாது.

இதில் புதிய விதி ஒன்று உண்டு. 2025 ஜனவரி முதல் அபராதம் போடுகிறார்கள். பாதசாரிகள் கடக்கும் இடத்துக்கு முன்னால், வண்டிகள் வரும் பக்கத்தில், 20 அடிக்குள் நிறுத்தக் கூடாது. கோடு போடாத தெரு முனைக்கும் இது பொருந்தும். காரணம் எளிது. ஓரத்தில் ஒரு பெரிய வண்டி நின்றால் அதன் மறைவிலிருந்து இறங்கும் குழந்தை ஓட்டி வருபவர் கண்ணில் படாது. குழந்தைக்கும் வண்டி தெரியாது.

தெருவோரம் நிறுத்தும்போது ஓரக்கல்லுக்கும் சக்கரத்துக்கும் இடையே 18 அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது. கார் போக்குவரத்தின் திசையிலேயே பார்த்து நிற்க வேண்டும். கம்பத்தில் மூன்று பலகை இருந்தால் மூன்றையும் மேலிருந்து கீழ் வரை படியுங்கள். ஒன்று இரண்டு மணி நேரம் என்று சொல்லும். அடுத்தது வியாழக்கிழமை காலை தெரு பெருக்கும் நேரம் என்று தடை போடும். பெருக்கும் வண்டி வரும்போது உங்கள் கார் நின்றால் சீட்டு நிச்சயம்.

ரயில்வேக்காரன் கண்ணில்

இத்தனை விதி எதற்கு என்று என் மனைவி கேட்டாள். யார்டில் கற்றதை வைத்து அவளுக்குச் சொன்னேன்.

இரண்டு தண்டவாளப் பாதைகள் ஒன்று சேரும் இடத்துக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில் ஒரு குறி பதித்திருப்போம். ஃபவுலிங் மார்க் என்று பெயர். நிற்கிற வேகன் அந்தக் குறிக்கு உள்ளேயே நிற்க வேண்டும். தாண்டி நின்றால் பக்கத்துப் பாதையில் வரும் வண்டி அதன் விலாவில் இடிக்கும். வேகன் தன் பாதையில்தான் நிற்கிறது, யாரையும் தொடவில்லை. ஆனாலும் விபத்துக்குக் காரணம் அதுதான்.

தெருவில் நிற்கும் காரும் அப்படியே. நாம் இறங்கிப் பூட்டிவிட்டுப் போய்விடுகிறோம். நம்மைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. இன்னொருவருக்கு வழி மறிப்பது அப்போதுதான் தொடங்குகிறது. அந்த இன்னொருவர் யார் என்று நமக்குத் தெரியாது. தீயணைப்பு வீரராக இருக்கலாம், சக்கர நாற்காலிக்காரராக இருக்கலாம், பந்தின் பின்னால் ஓடும் குழந்தையாக இருக்கலாம்.

தீயணைப்புக் குழாய் விதியிலேயே ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். உள்ளூரில் வேறு தடையோ சிவப்புக் கல்லோ இல்லாத இடத்தில், உரிமம் உள்ள ஒருவர் முன்சீட்டில் உட்கார்ந்து, தேவைப்பட்டால் உடனே நகர்த்தத் தயாராக இருந்தால் குற்றமில்லை. ஆக, கார் நிற்பதல்ல அவர்களுடைய கவலை. கேட்டபோது நகர முடியாமல் நிற்பதுதான் கவலை. நான் நூலகத்துக்குள் இருந்த அந்த ஐந்து நிமிடம் என் காரை நகர்த்த உலகத்தில் யாரும் இல்லை.

சரிவில் நிறுத்துவது

சான் பிரான்சிஸ்கோ மலை மேல் கட்டிய நகரம். அங்கே ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதியில் ஏற்றம் 31.5 சதவீதம். ஏறக்குறைய மூன்றடி போனால் ஓரடி ஏறும்! நம் கர்ஜத் - லோனாவ்லா போர் காட் பாதையின் ஏற்றம் 37 அடிக்கு ஓரடிதான். அதற்கே பின்னால் பாங்கர் என்ஜின் போட்டுத் தள்ள வேண்டியிருக்கிறது.

ஸ்டேஷன் யார்டில் 400 அடிக்கு ஓரடிக்கு மேல் சரிவு கூடாது என்பது எங்கள் கணக்கு. அந்தச் சரிவிலும் வேகனைச் சும்மா விட்டுவிட்டுப் போக மாட்டோம். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, சக்கரத்துக்கு ஆப்பு வைத்து, சங்கிலி போட்டுப் பூட்டுவோம். சான் பிரான்சிஸ்கோவில் ஆப்புக்குப் பதில் ஓரக்கல்லையே பயன்படுத்துகிறார்கள். 3 சதவீதத்துக்கு மேல் சரிவு இருந்தால் முன்சக்கரத்தைத் திருப்பி வைத்தே தீர வேண்டும். இல்லையென்றால் சீட்டு.

இறக்கத்தில் நிறுத்தினால் முன்சக்கரத்தை ஓரக்கல்லின் பக்கம், அதாவது வலப்பக்கம் திருப்புங்கள். ஏற்றத்தில் நிறுத்தினால் தெருவின் பக்கம், இடப்பக்கம் திருப்பி, கார் சற்றே பின்னால் வந்து சக்கரம் கல்லில் மெல்லச் சாயும்படி விடுங்கள். ஓரக்கல்லே இல்லாத இடத்தில் ஏற்றமானாலும் இறக்கமானாலும் வலப்பக்கம், தெருவை விட்டு விலகும்படி. பிரேக் விட்டுப்போனாலும் கார் நடுத்தெருவுக்கு உருளக் கூடாது, அதுதான் கணக்கு. ஹேண்ட் பிரேக்கை மறக்காதீர்கள். ஆட்டோமேடிக் காரில் 'பார்க்' போட்டால் போதும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். போதாது.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில்

மகன் வீட்டுக்குச் சற்றுத் தூரத்தில் கால்ட்ரெயின் பாதை போகிறது. சான் பிரான்சிஸ்கோவுக்கும் சான் ஹோசேக்கும் இடையே 2024 செப்டம்பர் முதல் மின்சார ரயில்கள் ஓடுகின்றன. மாலை நடையில் என் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் போய்விடும். இத்தனை வருடப் பழக்கம்!

தண்டவாளத்திலிருந்து ஏழரை அடிக்குள் வண்டியை நிறுத்திவைக்கக் கூடாது என்று அங்கே சட்டம். லெவல் கிராசிங்கில் விளக்கு எரிந்தாலோ கேட் இறங்கினாலோ தண்டவாளத்திலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி நிற்க வேண்டும். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. எதிர்ப்பக்கம் உங்கள் கார் முழுவதும் போய் நிற்க இடம் இருந்தால் மட்டுமே தண்டவாளத்தில் ஏறுங்கள். முன்னால் சிக்னலில் கார்கள் நிற்கும்போது வால் பிடித்துக்கொண்டு போய்த் தண்டவாளத்தின் மேல் நின்றுவிடுவதுதான் பெரிய ஆபத்து.

தப்பித் தவறி கார் அங்கே நின்றுபோனால் காரைப் பார்க்காதீர்கள். எல்லோரையும் இறக்கி, தண்டவாளத்தை விட்டு விலகி, ரயில் வரும் திசையை நோக்கிச் சாய்வாக ஓடச் சொல்கிறது கையேடு. கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் இடிபட்ட காரின் துண்டுகள் ரயில் போகும் திசையில்தான் பறக்கும். பிறகு கிராசிங்கில் உள்ள நீலப் பலகையில் போட்டிருக்கும் எண்ணுக்குப் பேசி, கிராசிங் எண்ணைச் சொல்லுங்கள். அடுத்து 911.

நம் நாட்டிலும் இதற்கெல்லாம் சட்டம் இல்லாமல் இல்லை. ஆளில்லா லெவல் கிராசிங்கில் வண்டியை நிறுத்தி, கிளீனரோ கண்டக்டரோ இறங்கி இரண்டு பக்கமும் பார்த்த பிறகே கடக்க வேண்டும், உடன் ஆள் இல்லையென்றால் டிரைவரே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை பேர் இறங்கிப் பார்த்திருப்பார்கள்? கடைசியில் அகலப்பாதையில் இருந்த ஆளில்லா கிராசிங்குகள் அத்தனையையும் 2019 ஜனவரிக்குள் ரயில்வேயே எடுத்துவிட வேண்டியதாயிற்று.

நின்றே ஆக வேண்டிய இடங்கள்

'ஸ்டாப்' பலகை கண்டால் சக்கரம் முழுவதும் நிற்க வேண்டும். யாருமே இல்லாத தெருவாக இருந்தாலும் சரி, நடுநிசியாக இருந்தாலும் சரி. நான்கு பக்கமும் ஸ்டாப் உள்ள சந்திப்பில் முதலில் வந்து நின்றவர் முதலில் போவார். ஒரே சமயத்தில் வந்தால் வலப்பக்கத்தில் இருப்பவருக்கு வழி விடுங்கள். லைன் கிளியர் கிடைக்காமல் எந்த ரயில் டிரைவரும் புறப்பட மாட்டார். இங்கே லைன் கிளியர் கொடுக்க ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, நாமே கொடுத்துக்கொள்கிறோம். அதனால் நாணயம் தேவை.

மஞ்சள் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மினுக்கி நின்றால் பின்னால் வருபவர் மட்டுமல்ல, எதிரே வருபவரும் நிற்க வேண்டும். விளக்கு அணையும் வரை அசையக் கூடாது. நடுவில் தடுப்பு உள்ள சாலையிலும், ஒவ்வொரு திசைக்கும் இரண்டோ அதற்கு மேலோ தடம் உள்ள சாலையிலும் எதிரே வருபவருக்கு மட்டும் விலக்கு. மீறினால் 1000 டாலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை உரிமம் நிறுத்தி வைப்பு.

ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ சைரனோடு வந்தால் சாலையின் வலது ஓரத்துக்குப் போய், அது தாண்டிப் போகும் வரை நில்லுங்கள். சந்திப்பின் நடுவில் மட்டும் நிற்காதீர்கள். கடந்த பிறகு ஓரம் போய் நில்லுங்கள்.

போலீஸ் வண்டி பின்னால் விளக்குப் போட்டால் வலது ஓரமாக நிறுத்தி, காருக்குள்ளேயே இருங்கள். நம் ஊர் மாதிரி மரியாதைக்கு இறங்கி அவரை நோக்கிப் போகக் கூடாது. இரண்டு கையும் ஸ்டியரிங் மேல் தெரியட்டும். அவர் கேட்ட பிறகு காகிதங்களை எடுங்கள்.

சீட்டு வந்துவிட்டால்

கிழித்துப் போடாதீர்கள். "நாம்தான் ஊருக்குப் போகிறோமே" என்றும் இருக்காதீர்கள். கார் மகன் பெயரில் இருக்கிறது, தொகை அவன் தலையில் ஏறிக்கொண்டே போகும். சீட்டு தவறு என்று தோன்றினால் 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வழி உண்டு. பலகையையும் கல்லையும் அன்றே படம் எடுத்து வையுங்கள். நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது.

இங்கே சொன்னதெல்லாம் கலிஃபோர்னியாவுக்கு. மற்ற மாநிலங்களில் அளவுகள் மாறும். இங்கிலாந்தில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு நிறமே வேறு: அங்கே இரட்டை மஞ்சள் கோட்டில் எந்நேரமும் காத்து நிற்கக் கூடாது, இரட்டைச் சிவப்புக் கோட்டில் நிறுத்தவே கூடாது. எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாளே அந்த ஊர்க் கையேட்டைக் கேட்டு வாங்குங்கள்.

தூக்கம் வராத காரணம்

2022ஆம் வருடம் ஒரு மழைக்கால இரவு. மார்க்கெட்டிலிருந்து சாமானோடு வந்தவன், காரை எங்கள் சொசைட்டி வாசலில் பாதி வழியை அடைத்தாற்போல் நிறுத்திவிட்டு மேலே போனேன். சாமானை வைத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்து உள்ளே விடலாம் என்று எண்ணம். மழை பிடித்துக்கொண்டது. சாப்பிட்டேன், மறந்தேன், படுத்துவிட்டேன்.

நடு இரவில் வாட்ச்மேன் கதவைத் தட்டினான். எங்கள் மாடியில் குடியிருக்கும் மராத்திய மூதாட்டி, நாங்கள் எல்லோரும் காகு என்று கூப்பிடுபவர், பக்கவாதம் வந்து விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வாசலில் நுழைய முடியாமல் நிற்கிறது. சாவியைத் தேடி, கீழே ஓடி, கூடவே நின்ற இரண்டு ஸ்கூட்டர்களை இழுத்துத் தள்ளி, காரை எடுப்பதற்குள் பத்து நிமிடம் ஆகிவிட்டது. அதற்குள் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, மழையில் நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

காகு பிழைத்துக்கொண்டார். இடது கை மட்டும் இன்றும் சரியாக வரவில்லை. அந்தப் பத்து நிமிடத்தால்தானா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதனால் இல்லை என்றும் யாராலும் சொல்ல முடியாது. அன்று வாசலில் நின்றது என் கார் என்று அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னதில்லை. படியில் பார்த்தால், "ஜேவ்லாத் கா?" என்று சாப்பாட்டைத்தான் விசாரிப்பார்.

"அந்த வீடுகளுக்கு இதுதான் தண்ணீர்" என்று அந்தப் பெண்மணி கை காட்டியபோது எனக்கு எங்கள் வாசல்தான் தெரிந்தது. 1989இல் வந்த நம் நாட்டுச் சாலை விதிமுறைகளிலேயே பஸ் நிறுத்தம், பள்ளிக்கூட, ஆஸ்பத்திரி வாசல், கட்டிட வாசல், தீயணைப்புக் குழாய் இவற்றை மறித்து நிறுத்தக் கூடாது என்று வரிசையாக எழுதியிருந்தது. 2017இல் அவற்றின் இடத்தில் புதிய விதிமுறைகளும் வந்துவிட்டன. விதி இங்கேயும் இருந்தது. சீட்டு எழுத ஆள் வரவில்லை என்பதால் நான் அதைப் படிக்கவில்லை. அமெரிக்கா போய் அபராதம் கட்டித்தான் படிக்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்ததும் சொசைட்டி செகரட்டரியிடம் பேசி, வாசலின் இரண்டு பக்கமும் ஓரக்கல்லில் சிவப்பு வண்ணம் அடித்தோம். பெயிண்டுச் செலவு என்னுடையது. முதல் வாரமே மூன்றாம் மாடிப் பையன் தன் காரை அங்கே நிறுத்தினான். போய்ச் சொன்னேன். "ஐந்து நிமிடம்தானே அங்கிள்" என்றான். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன் தம்பி என்று, அந்த மழை இரவை அவனுக்குச் சொன்னேன். பேசாமல் போய்க் காரை எடுத்தான்.

பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் நல்லபடியாகப் போய், பேரன் பேத்திகளைக் கொஞ்சிவிட்டு வாருங்கள். வண்டியை மட்டும் பார்த்து நிறுத்துங்கள். அங்கேயும், இங்கேயும்.